வேஷம் கட்டினா அது பொய்யா?



இப்போ நம்ம குழுக்கள்ல ஒரு மாதிரிப் படங்கள் நிறைய வருது. கொட்டுற மழையில ஒரு பாட்டி, கையில நனைஞ்சுபோன முருகன் படம். பூட்டின கோயில் வாசல்ல தூங்கிப்போன சின்னப் பையன், அவன் மேல தோகை விரிச்சு நிக்கிற மயில். வெளிச்சம் ஒரு பக்கமா விழும், பின்னாடி லேசா புகை, கன்னத்துல நிக்கிற ஒரு சொட்டுக் கண்ணீர் மட்டும் பளிச்சுன்னு தெரியும். சினிமாவுல ஒரு காட்சியை அப்படியே நிறுத்தி வெச்ச மாதிரி இருக்கும். சிலது ஆளுங்களுக்கு வேஷம் கட்டி, லைட் போட்டு எடுத்தது. சிலது ஏஐ செஞ்சு கொடுத்தது. கீழே ஒரு வரி: உண்மைச் சம்பவம், கண் கலங்கிவிட்டது, பத்து பேருக்கு அனுப்புங்கள்.

இதுல தம்பி, தங்கைகள் ரெண்டு கட்சியா நிக்கிறாங்க. 'நடிச்சு எடுத்ததைப் பார்த்து அழறது ஏமாளித்தனம், பக்தியில நாடகம் கூடாது'ன்னு ஒரு கட்சி. 'மனசு உருகுச்சா இல்லையா, அதுதானே முக்கியம்'னு இன்னொரு கட்சி. ரெண்டுமே பாதி தூரம்தான் போகுதுன்னு எனக்குத் தோணுது. கொஞ்சம் நிதானமா யோசிப்போம்.

முதல் கட்சிக்கு ஒரு கேள்வி. பழநியில மூலவர் கோவணத்தோட, கையில தண்டத்தோட நிக்கிற ஆண்டி. அதே மூர்த்திக்கு சாயரட்சையில ராஜ அலங்காரம். கிரீடம், பட்டு, மாலை எல்லாம் சாத்தி மகாராஜாவா நிக்கிறான். திரை விலகுற அந்த நொடியில கூட்டமே 'அரோகரா'ன்னு கத்துது, பல பேருக்குக் கண்ணு நிறையுது. அலங்காரம் பண்ணினது அர்ச்சகர்னு அங்க நிக்கிற எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் உருகுறோம். யாரும் ஏமாறல.

திருச்செந்தூர் கடற்கரைக்கு வாங்க. கந்தசஷ்டி ஆறாம் நாள் சூரசம்ஹாரம். யானைமுகம், சிங்கமுகம், அப்புறம் சூரனோட சொந்த முகம்னு உருவத்துக்குத் தலையை மாத்தி மாத்தி வெக்கிறாங்க. மாத்துற ஆளுங்க நம்ம கண்ணு முன்னாடியேதான் நிக்கிறாங்க. தூக்கிட்டு ஓடுறவங்களோட வேர்வைகூடத் தெரியும். ஆனா வேல் வந்து பாயுற நேரத்துல உடம்பு சிலிர்க்காம ஒருத்தர் திரும்பி வந்திருக்காங்களா? இதைவிடப் பெரிய, இதைவிட உணர்ச்சிகரமான 'செட் போட்ட காட்சி' நம்மகிட்ட வேற என்ன இருக்கு? ஆக, காட்சியை அமைக்கிறதே பொய்ன்னு சொன்னா முதல்ல நம்ம திருவிழாவைத்தான் நிறுத்தணும்.

உங்க போன் வால்பேப்பர்ல இருக்கிற முருகனையே எடுத்துக்கோங்க. அந்தச் சிரிப்பு, பின்னாடி மலை, மேகம், பக்கத்துல மயில். அந்த மாதிரி படங்களுக்கு வழி போட்டவர்கள்ல முக்கியமானவர் கோவில்பட்டி சி. கொண்டைய ராஜு (1898-1976). அவர் எங்கிருந்து வந்தார் தெரியுமா? நாடகக் கம்பெனியிலிருந்து. மேடைக்குப் பின்னாடி தொங்குற திரைச்சீலைகள்ல அரண்மனையும் நந்தவனமும் வரைஞ்ச கை அது. கம்பெனி கலைஞ்சதும் கோவில்பட்டியிலேயே தங்கி, சீடர்களோட ஸ்டூடியோ வெச்சார். அவரும் அவர் சீடர்களும் வரைஞ்ச சாமி படங்களை சிவகாசி அச்சகங்கள் காலண்டர் காலண்டரா அடிச்சுத் தள்ளின. அந்தப் படங்கள்ல சாமிக்குப் பின்னாடி தெரியுற திரை நாடகத் திரைதான். சாமி நம்மைப் பார்த்து நிக்கிற நிலையும் நாடகத்துல ராஜபார்ட் வந்து நிக்கிற நிலைதான். நம்ம பாட்டி சமையலறைச் சுவத்துல மாட்டி, தினமும் சூடம் காட்டினது அந்த மேடைக் காட்சிக்குத்தான். அந்தச் சூடத்தை யாராவது பொய்ன்னு சொல்லிப் பாருங்களேன்!

அப்போ பிரச்சினை எங்க? கேமராவுலதான்.

ஓவியம் நம்மகிட்ட எந்தச் சத்தியமும் பண்றதில்ல. 'இப்படி நான் நினைச்சேன்'னு மட்டும்தான் சொல்லுது. போட்டோ அப்படி இல்ல, அது வாயைத் திறக்காமலே ஒரு வாக்குக் கொடுக்குது: 'இது என் முன்னாடி நடந்துச்சு.' இந்த வித்தியாசம் நேத்து வந்தது இல்ல. 1858-ல் இங்கிலாந்தில் ஹென்றி பீச் ராபின்சன் என்பவர் 'மங்கி மறைதல்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு படம் வெளியிட்டார். சாகக் கிடக்கும் இளம்பெண், சுற்றிலும் துக்கத்தில் குடும்பம், ஜன்னல் பக்கம் முதுகு காட்டி நிற்கும் ஒருவர். ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டது அது. அந்தப் பெண்ணுக்கு ஒரு நோயும் இல்லை, நடிக்க வந்தவள். பார்த்தவர்கள் பலருக்குக் கோபம் வந்தது. இதே சாவுக் காட்சியை ஓவியர்கள் வருஷக்கணக்காக வரைஞ்சுட்டுதான் இருந்தாங்க, யாரும் ஒண்ணும் சொல்லல. போட்டோவில் வந்ததும் மனசு ஒப்பல. அந்த வாக்கை யாரோ உடைச்ச மாதிரி இருந்துச்சு.

வாக்குக் காப்பாத்தின படம் ஒண்ணு நம்ம கடற்கரையிலேயே இருக்கு. 2004 சுனாமி வந்து ரெண்டு நாள் கழிச்சு, டிசம்பர் 28-ம் தேதி, ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா கடலூரில் எடுத்தது. மணலில் குப்புற விழுந்து, கைகளை விரிச்சு அழுற ஒரு பெண். படத்தோட ஓரத்தில் இறந்துபோன சொந்தக்காரரோட கை மட்டும். அந்த வருஷத்துக்கான உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது அந்தப் படத்துக்குத்தான் கிடைச்சது. அதுல யாரும் லைட் பிடிக்கல, 'கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கம்மா'ன்னு சொல்லல. இப்போ யோசிச்சுப் பாருங்க. அதே மாதிரி மணலை, அதே மாதிரி ஒரு பெண்ணை, ஏஐ அஞ்சு நிமிஷத்துல செஞ்சு கொடுக்கும். கீழே 'உண்மைச் சம்பவம்'னு ஒரு வரி போட்டா, அந்தக் கடலூர் அம்மாவோட நிஜமான அழுகை இத்தனை வருஷமா சேர்த்து வெச்ச நம்பிக்கையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துச் செலவு பண்ற மாதிரிதான். அடுத்த முறை நிஜமாவே ஒரு கடற்கரையில யாராவது அழும்போது, 'ஏஐயா இருக்கும்'னு நாம தள்ளிட்டுப் போயிடுவோம். 'உண்மைச் சம்பவம்'ங்கிற அந்த ஒரு வரியை நான் பாவம்னே சொல்லுவேன். படத்தை இல்லை, அந்த வரியை.

இது பார்க்கிறவங்களுக்குச் செய்யுற துரோகம். படத்துக்குள்ள நிக்கிறவங்க விஷயம் இன்னும் கஷ்டமானது. அதுக்கு ஒரு இடத்துக்குப் போகலாம்.

மரக்காணம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகும் வழி. ஆந்திராவிலிருந்து கடலோரமாகவே வரும் பக்கிங்காம் கால்வாய் வந்து முடியுற ஊர். ரோட்டு ஓரம் கண்ணுக்கு எட்டின தூரம் பாத்தி பாத்தியா உப்பளம், வெள்ளை வெள்ளையா குவியல், மேலே திறந்த வானம். படம் எடுக்கத் தெரிஞ்ச எவனுக்கும் கை துறுதுறுங்கும். தண்ணியில வானம் அப்படியே தெரியும், ரிஃப்ளெக்டரே வேண்டாம்.

சரி, நீங்க நாலு பேர் சேர்ந்து அங்க ஒரு காட்சி எடுக்கப் போறீங்கன்னு வெச்சுக்குவோம். கதை இது: உச்சி வெயில்ல உப்பு வாரி வாரிக் களைச்சுப்போன ஒரு ஆயா குவியல் பக்கத்துல சரிஞ்சு உட்கார்ந்திருக்காங்க. பால முருகன் வேஷத்துல ஒரு குழந்தை வந்து அவங்க வெடிச்ச பாதத்தைத் தொடுறான். வானத்துலிருந்து ஒரு ஒளிக்கீற்று. படிக்கும்போதே உங்களுக்கு ஃபிரேம் தெரியுதுல்ல? எனக்கும் தெரியுது. நல்லாத்தான் இருக்கும். லட்சம் பேர் பார்ப்பாங்க.

ஆயா வேஷத்துக்கு யார்? இங்கதான் ரெண்டு வழி பிரியுது. ஒண்ணு, நடிக்கத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டுப் போறது. இன்னொண்ணு, அங்க வேலை செய்யுற ஒரு அம்மாவையே 'ஆயா, இப்படிக் கொஞ்சம் உக்காருங்க, முகத்தைச் சோகமா வெச்சுக்கோங்க'ன்னு சொல்றது. ரெண்டாவது ஈஸி, காசும் மிச்சம். பாதம் நிஜமாவே வெடிச்சிருக்கும், மேக்கப் வேண்டாம்.

அந்தப் பாதம் எப்படி வெடிச்சதுன்னு ஒரு நிமிஷம் பார்ப்போம். பொங்கலை ஒட்டி சீசன் வேலை ஆரம்பிக்கும். மழையில கரைஞ்ச வரப்பைத் திரும்பக் கட்டணும், பாத்தியோட களிமண் தரையைக் காலால மிதிச்சு மிதிச்சு கெட்டிப்படுத்தணும். அப்புறம் உப்புத் தண்ணியைப் பாத்தி பாத்தியா விட்டு, வெயில்ல சுண்ட வெச்சு, உப்பு பூத்ததும் நீளக் கம்பு போட்ட பலகையால வாரி வரப்புல குவிக்கணும். உப்புத் தண்ணியிலேயே நிக்கிறதால தோல் வெடிக்கும். சின்னக் கீறல்னாலும் எரியும், சீக்கிரம் ஆறாது. வெள்ளைத் தரையில அடிச்சுத் திரும்புற வெயில் கண்ணைக் கெடுக்கும். நாம ரிஃப்ளெக்டர்னு சந்தோஷப்பட்டோமே, அதே வெளிச்சம்தான். வடகிழக்குப் பருவமழை இறங்கினா உப்பளம் முழுக்கத் தண்ணி, வேலை கிடையாது. அந்த வேலையில்லாத மாசங்களுக்குன்னுதான் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்குது.

ஊரும் சும்மா பேக்ரவுண்ட் இல்ல. சங்க இலக்கியத்தில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை வருதே, அதில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. அதே நூலில் வரும் வேலூர், பக்கத்தில் இருக்கும் உப்புவேலூர் என்பார்கள். அந்த வேலூருக்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். பகைவருக்கு அஞ்சி முருகனை வழிபட்ட நல்லியக்கோடன் கனவில் முருகன் வந்து, கேணியில் பூத்த பூவைப் பறித்துப் பகைவர் மேல் எறியச் சொன்னானாம். எறிந்த பூ வேலாக மாறியது. மயிலம் முருகன் கோயிலும் அதே மாவட்டம்தான், சூரன் மயிலாகத் தவமிருந்த தலம். முருகன் கதை ஊறிப்போன மண் அது. அங்க வேலை செய்யுற ஆயாவுக்கு நம்மளைவிட முருகனை நல்லாவே தெரியும்.

அவங்ககிட்ட, இது என்ன கதைன்னு, முருகன் வந்து தன் காலைத் தொடுற மாதிரி காட்டப்போறாங்கன்னு, லட்சம் பேர் அதைப் பார்த்து 'பாவம்'னு சொல்லப் போறாங்கன்னு யாராவது சொன்னாங்களா? சொல்லாமலே எடுத்தா, அவங்க அந்தப் படத்துல மனுஷி இல்ல. குவியல் எப்படியோ, அவங்களும் அப்படி. செட் பிராப்பர்ட்டி.

நான் கற்பனையா பெருசுபடுத்துறேன்னு நினைக்காதீங்க. அலெசியோ மாமோ என்ற இத்தாலியப் புகைப்படக்காரர் 2011-ல் உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசக் கிராமங்களுக்குப் போனார். ஒரு மேஜை, அதன் மேல் நிறைய உணவு. எல்லாம் போலி உணவு. அங்கிருந்த ஏழை மக்களை மேஜைக்கு முன் நிறுத்தி, கண்ணைப் பொத்திக்கொண்டு, சாப்பிட ஆசைப்படும் உணவை நினைக்கச் சொல்லிப் படம் எடுத்தார். 2018 ஜூலையில் உலகப் பத்திரிகைப் புகைப்பட அமைப்பின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அது வந்தது. உலகம் முழுக்கக் கண்டனம். பசியைப் பற்றி யோசிக்க வைக்கத்தான் எடுத்தேன் என்று அவர் விளக்கம் சொன்னார். நோக்கத்தை நான் சந்தேகப்படல. காட்சியும் மறைக்கப்பட்டது இல்ல, அமைச்ச காட்சின்னு பார்த்த உடனே தெரியும். அப்புறம் ஏன் நமக்கு வயிறு எரியுது? பசிச்சவன் முன்னாடி பிளாஸ்டிக் சோறு வெச்சதாலதான். உணர்ச்சி முழுக்கப் பார்க்கிறவனுக்கு, பட்டினி மட்டும் நிக்கிறவனுக்கு.

இங்க ஒரு தம்பி கண்டிப்பா கேட்பான்: 'அண்ணே, அந்தப் படத்தால ஒரு ஆயாவுக்காவது உதவி வந்தா? நன்மை தர்ற பொய்யும் உண்மை மாதிரின்னு வள்ளுவரே சொல்லியிருக்காரே?' சொல்லியிருக்கார், வாய்மை அதிகாரத்துல. ஆனா அவர் போட்ட நிபந்தனையை நாம வசதியா விட்டுடுறோம். குற்றமே இல்லாத நன்மையா இருக்கணும்னு சொல்றார். லைக் நமக்கு, ஃபாலோயர் நமக்கு, 'பாவம்' மட்டும் ஆயாவுக்குன்னா, அது அந்தக் கணக்குல சேராது. உதவிதான் நோக்கம்னா படத்துக்குக் கீழே அந்த மழைக்கால மாசங்களைப் பத்தி நாலு வரி எழுதலாமே. பல பேர் எழுதறதில்ல, ஏன்னா எழுதினா 'மூட்' போயிடும்.

இதைவிடக் கஷ்டமான கேள்வி ஒண்ணு இருக்கு, அதை ஒளிச்சு வெக்க விரும்பல. நம்ம முருகனே வேஷம் போட்டவன்தானே? தினைப்புனத்துக்கு வேடனா போனான், வேங்கை மரமா நின்னான், தள்ளாடுற கிழவனா தேனும் தினைமாவும் கேட்டான். அண்ணனை யானையா வரவெச்சு வள்ளியைப் பயமுறுத்தினான். இது முழுக்க முழுக்கத் திட்டம் போட்ட காட்சி. வள்ளிக்கு முன்கூட்டியே யாரும் சொல்லல. இன்னைக்கு ஒரு பையன் இப்படிச் செஞ்சுட்டு 'பிராங்க்'னு வீடியோ போட்டா நாம சும்மா விடுவோமா? விடக் கூடாது.

இதுக்கு 'சாமி செஞ்சா சரி'ன்னு ஒரு பதில் ரெடியா இருக்கும். எனக்கு அது போதல. கந்தபுராணத்தை முன்னாடி திருப்பிப் பாருங்க. வள்ளி முற்பிறவியில் திருமாலின் மகள் சுந்தரவல்லி. முருகனை அடையணும்னு தவம் இருந்தவ அவ. அந்தக் கதையைக் கேட்டு வாங்கினதே அவதான். அவ கேட்ட கதைக்குள்ளதான் அவன் வேஷம் கட்டிட்டு வந்தான், வந்தவன் கடைசியில வேஷத்தைக் கலைச்சுத் தன் உருவத்தைக் காட்டவும் செஞ்சான். கிழவனாகவே இருந்துட்டுப் போகல. இந்த ரெண்டையும் எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது தந்திரம் மட்டும்தான்.

ஒழுங்கா வேஷம் கட்டினவங்களும் இருக்காங்க. 2017 டிசம்பரில் சென்னையில் பரத்வாஜ் சுந்தரும் புகைப்படக்காரர் நரேஷ் நிலும் சேர்ந்து ஒரு படத்தொடர் எடுத்தாங்க. லட்சுமி, துர்க்கை, சிவன், பால முருகன்னு சாமி வேஷங்கள். கட்டினவங்க எல்லாரும் கறுத்த நிறம் உள்ளவங்க. காலண்டர்ல நாம பார்த்த அதே அலங்காரம், அதே ஒளி, தோல் நிறம் மட்டும் நம்ம வீட்டு நிறம். (சேயோன்னா சிவந்தவன்தானேன்னு கேட்பீங்க. சரிதான். ஆனா காலண்டர் முருகன் சிவப்பு இல்லையே, ரோஸ் பவுடர் நிறம்தானே!) இது நடிச்சு எடுத்ததுன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியும். என்ன சொல்ல எடுக்கிறோம்னு நடிச்சவங்களுக்கும் தெரியும். வெயில்ல கறுத்த உப்பளத்துக் குழந்தை ஒண்ணு அந்தப் பால முருகனைப் பார்த்தா, தன் நிறத்துலயே சாமியைப் பார்க்கும்.

பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா இன்னும் ஒரு படி போனார். கிளேர் ஆர்னியோட சேர்ந்து 2000 முதல் 2004 வரை செஞ்ச தென்னிந்தியப் பெண்கள் படத்தொடரில் எல்லா வேஷத்தையும் அவரே கட்டினார். ரவிவர்மா அச்சகத்துப் படத்தின் லட்சுமியும் அவர்தான். வெள்ளைக்காரன் அளவெடுத்துப் படம் பிடிச்ச நீலகிரித் தோடர் பெண்ணும் அவர்தான். அடுத்தவரை நிறுத்தின இடத்துல தானே போய் நின்னு பார்த்தார். அந்த ஆயா வேஷத்துக்கு ஆள் தேடும்போது இதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. உங்க பாதத்தை அந்தத் தண்ணியில அரை மணி நேரம் வெச்சுப் பாருங்க, கதையே மாறினாலும் மாறும்.

மரக்காணம் போறவங்களுக்கு, போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வேலை நடக்கும், அப்போ குறுக்கே போகாதீங்க. மிதிச்சுக் கெட்டிப்படுத்தின பாத்தியில ஷூவோட இறங்காதீங்க, பல நாள் உழைப்பு அது. வேலை முடிஞ்சு உட்காரும்போது பேசுங்க. கதையைச் சொல்லுங்க, போன்ல ஃபிரேமைக் காட்டுங்க, ஒரு நாள் கூலியைக் கையில கொடுங்க. 'இது நடித்து எடுத்த படம்'னு தெளிவா எழுதுங்க, அவங்க சம்மதிச்சா அவங்க பேரோட.

ஆயா ஒத்துக்காமலும் போகலாம். 'நான் எதுக்குடா அழணும்? பொங்கலுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கிட்டு வர்றேன், அப்ப எடு'ன்னு சொல்லலாம். அப்படிச் சொன்னா ஒளிக்கீற்றை எல்லாம் மூட்டை கட்டிட்டு, புடவை கட்டிட்டு வர்ற வரைக்கும் காத்திருங்க. அந்தப் படத்துல முருகன் எந்தப் பக்கம் நிக்கணும்னும் அவங்களையே கேளுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!